மகளுக்கு முழங்கை அறுவை: நரம்பு மரப்பு ஊசிக்குச் சம்மதிக்கலாமா?

இழையைத் தொடங்கியவர்: ஏழுவயதின் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது, எடை 22 கிலோ. இரண்டு ஆண்டுகளுக்கு முன் விழுந்ததில் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. கூடும்போது கோணலாகக் கூடிவிட்டது. கையை நீட்டினால் முழங்கைக்குக் கீழுள்ள பகுதி உடலை நோக்கித் திரும்பி நிற்கிறது. அடுத்த வாரம் அந்த எலும்பை வெட்டி நேராக்கிக் கம்பி பொருத்தப் போகிறார்கள்.

மயக்க மருத்துவர் என்னிடம், முழு மயக்கம் கொடுத்த பிறகு காறை எலும்புக்கு அருகில் ஒரு ஊசி போட்டுக் கை முழுவதையும் மரத்துப்போகச் செய்யலாம் என்றும், அப்படிச் செய்தால் இரவு வரை வலி தெரியாது என்றும் சொன்னார். அன்று மாலையே எலும்பு மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சற்று மாறியது. "அதைப் பற்றி நாங்கள் பேசி முடிவு செய்கிறோம்" என்று மட்டும் சொன்னார். இருவரும் அனுபவம் மிக்கவர்கள். இருவர் மீதும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. எனினும் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையின் நரம்புக்குப் பக்கத்தில் ஊசியைச் செலுத்துவது பாதுகாப்பானதா, எலும்பு மருத்துவர் ஏன் தயங்குகிறார் என்ற இரண்டு கேள்விகள் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுமொழி 1: மயக்கவியலர்

வணக்கம் அம்மா. நான் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும் மருத்துவர். உங்கள் மகளை நான் பார்த்ததில்லை. ஆகவே இங்கே சொல்வதை உங்கள் மருத்துவர்களிடம் கேட்பதற்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கைக்குச் செல்லும் நரம்புகள் தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்களாகக் கிளம்பி, ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து, காறை எலும்புக்கு அடியில் நுழைந்து, அக்குள் வழியாகக் கைக்குள் இறங்குகின்றன. அறுவை எந்த இடத்தில் நடக்கிறதோ அதற்கேற்ப இந்தப் பின்னலின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து மருந்து செலுத்துகிறோம். தோளுக்குக் கழுத்துப் பக்கம், முழங்கைக்குக் காறை எலும்பின் மேலோ கீழோ, கைவிரல்களுக்கு அக்குள் என்பது பொதுவான வழக்கம். கழுத்துப் பக்கம் போடும் ஊசி உதரவிதானத்தை அசைக்கும் நரம்பையும் அநேகமாக மரக்கச் செய்துவிடும். சிறு குழந்தைகள் மூச்சு விடுவதற்குப் பெரும்பாலும் உதரவிதானத்தையே நம்பியிருப்பதால், தேவையில்லாமல் அந்த இடத்தை நாங்கள் நாடுவதில்லை. உங்கள் மகளுக்கு அது தேவையும் இல்லை. காறை எலும்புக்கு மேலே போடும்போது நுரையீரலின் உறை பக்கத்திலேயே இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1911ஆம் ஆண்டு கூலன்காம்ப் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்த இடத்தில் ஊசி போடும் முறையை முதலில் தன் உடலிலேயே சோதித்துப் பார்த்தார்; அன்று அவருக்கு வழிகாட்டியவை விரலின் தொடுவுணர்வும், ஊசி நரம்பைத் தொட்டால் எழும் கூச்சமும்தான். இன்று அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பு, இரத்தக்குழாய், நுரையீரல் உறை, ஊசிமுனை நான்கையும் ஒரே நேரத்தில் பார்க்கிறோம். குழந்தைகளிடம் நரம்புப் பின்னல் தோலுக்கு மிக அருகில் இருப்பதால் படம் இன்னும் தெளிவாகவே கிடைக்கிறது. அந்தக் கருவி இல்லாத இடத்தில் ஒரு குழந்தைக்குக் காறை எலும்பருகே ஊசி போட நான் முன்வர மாட்டேன்.

தூங்கும்போது போடலாமா என்பது நல்ல கேள்வி. பெரியவர்களுக்குப் பொதுவாக விழித்த நிலையிலேயே போடுகிறோம். ஊசி நரம்பைத் தொட்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கிறது என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஏழு வயதுக் குழந்தை அதைச் சொல்வதற்கு முன்பே திமிறிவிடும். திமிறும் உடலில் ஊசிமுனை எங்கே போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. எனவே குழந்தைகளைப் பொறுத்தவரை மயக்கத்தில் போடுவதே ஏற்கப்பட்ட முறை. அமெரிக்கக் குழந்தை மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் பதிவேடு ஒன்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரப்பு ஊசிகளின் விவரங்களை 2018இல் வெளியிட்டது. நிரந்தர நரம்புச் சேதம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. சில காலம் நீடித்துப் பிறகு சரியாகிவிட்ட உணர்வுக் குறை 10,000 பேருக்கு 2.4 என்ற அளவிலும், மருந்து இரத்தத்தில் கலந்து கடுமையான நச்சு விளைவை உண்டாக்கியது 10,000 பேருக்கு 0.76 என்ற அளவிலும் இருந்தன. அது எல்லா வகை மரப்பு ஊசிகளையும் சேர்த்த கணக்கு, கைக்கு மட்டுமானது அல்ல.

அந்த நச்சு விளைவுதான் எனக்கு உண்மையான கவலை. விழித்திருப்பவருக்குக் காதில் இரைச்சல், வாயைச் சுற்றி மதமதப்பு என்று முன்னறிவிப்பு வரும். தூங்கும் குழந்தையிடம் முதல் அறிகுறியே இதயத்துடிப்பின் வரைபடத்தில்தான் தெரியக்கூடும். ஆகையால் எடைக்கேற்ப அளவைக் கணக்கிட்டு, ஊசியை அடிக்கடி உறிஞ்சி இரத்தம் வருகிறதா என்று பார்த்து, சிறிது சிறிதாகச் செலுத்துகிறோம். 22 கிலோ எடைக்கு 0.2 சதவீத ரோபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து 11 மில்லி கொடுத்தால் மொத்தம் 22 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 1 மில்லிகிராம். பொதுவாகப் பின்பற்றப்படும் உச்சவரம்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம். முறிமருந்தாகிய 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் அறுவை அரங்கிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். இருக்கிறது என்ற பதில் உடனே வர வேண்டும்.

மறுமொழி 2: எலும்பொட்டுபவர்

நான் குழந்தைகளின் எலும்பு அறுவை மருத்துவன். உங்கள் மருத்துவரின் முகம் ஏன் மாறியது என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

முழங்கையிலும் முன்கையிலும் அறுவை செய்த பிறகு எங்களுக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. முதலாவது, கம்பியோ வெட்டுக்கருவியோ நரம்பைப் பாதித்துவிட்டதா என்பது. குழந்தை கண் விழித்ததும் விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கை மரத்திருந்தால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது அச்சம் இதைவிடப் பெரியது. முன்கைத் தசைகள் நீட்சியில்லாத உறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. வீக்கத்தால் உறைக்குள் அழுத்தம் ஏறினால் தசைக்கும் நரம்புக்கும் இரத்தம் போவது நின்றுவிடுகிறது. சில மணி நேரத்துக்குள் உறையைத் திறந்துவிடாவிட்டால் தசை இறந்து கை நிரந்தரமாகச் சுருங்கிப்போகும். 1881இலேயே ஃபோல்க்மன் விவரித்த ஊனம் இது. இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. இதன் முதல் எச்சரிக்கை அளவுக்கு மீறிய வலி. அந்த எச்சரிக்கை மணியின் நாக்கையே கட்டிப்போடுகிறோமோ என்பதுதான் எங்கள் தயக்கம்.

எல்லா அறுவைகளும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அன்றுதான் முறிந்து, பலூன்போல் வீங்கி, நாடித்துடிப்பு சரியாகக் கிடைக்காமல் நள்ளிரவில் வரும் முழங்கைக்கு மரப்பு ஊசி வேண்டாம் என்று நான் தெளிவாகச் சொல்லிவிடுவேன். நாள் குறித்து, வீக்கமே இல்லாத கையில், நேரம் எடுத்துச் செய்யும் கோணத் திருத்தத்தில் அபாயம் அதைவிடக் குறைவு. ஆனால் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மறுமொழி 3: இருமகன் தந்தை

மருத்துவர்களுக்கு இடையில் ஒரு தந்தை பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மூத்த மகனுக்கு ஒன்பது வயதில் முன்கை எலும்பில் தகடு வைத்தார்கள். மரப்பு ஊசியும் போட்டார்கள். மாலை முழுவதும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். வலியே இல்லையே, மருந்து எதற்கு என்று எண்ணி இரவு கொடுக்க வேண்டிய மருந்தை நாங்கள் கொடுக்கவில்லை. கொடுக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் இல்லை. அதிகாலை இரண்டு மணிக்கு அவன் அலறிய அலறலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறாமல் அணை உடைந்ததுபோல் ஒரேயடியாக வந்தது. அந்த நேரத்தில் கொடுத்த மருந்து வேலை செய்ய முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஊசியே போடாமல் இருந்திருந்தால் தேவலையோ என்றுகூட அன்று நினைத்தேன்.

மறுமொழி 4: இரவுப்பணிச் செவிலி

ஐயா, நீங்கள் சொல்லும் அதே இரண்டு மணியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குறை ஊசியில் இல்லை. ஊசி விடைபெறும் நேரத்துக்கு யாரும் ஆயத்தமாக இல்லாததுதான் குறை. எங்கள் பிரிவில் குழந்தையின் படுக்கையருகே உள்ள குறிப்பில் ஊசி போட்ட நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கிறோம். அதிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாய்வழி மருந்து உள்ளே போயிருக்க வேண்டும், குழந்தை சிரித்தாலும் சரி, தூங்கினாலும் சரி. மருந்துக்காகத் தூங்கும் குழந்தையை எழுப்புவதா என்று பெற்றோர் மனம் கேட்காது. முதல் இரவில் எழுப்பத்தான் வேண்டும்.

வேறொன்றையும் சொல்ல வேண்டும். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் கண் விழித்ததும் வலியில்லாமலேயே கதறினான். அரை மணி நேரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது: கட்டுக்குள் கை இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை, வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை மற்றக் கையால் தொடச் செய்த பிறகே அமைதியானான். அதனால் அம்மா, கை சில மணி நேரம் கனமாக, தன்னுடையது அல்லாததுபோல் இருக்கும், பிறகு எறும்பு ஊர்வதுபோல் உணர்வு திரும்பும் என்பதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மரத்த கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தூளியிலேயே வைத்திருக்க வேண்டும். படுக்கைக் கம்பியில் முழங்கை அழுந்துவதும், சூடான பாத்திரத்தில் விரல் படுவதும் அவளுக்குத் தெரியாது. விரல்களைக் கடித்துப் பார்க்கும் குழந்தைகளும் உண்டு.

வலியை எப்படி அளப்பது என்று கேட்பார்கள். ஏழு வயதுக்காரியால் முகப் படங்களைக் காட்டி எது தன் முகம் என்று சொல்ல முடியும். பேசத் தெரியாத குழந்தைகளுக்கு முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் தலா 2 வரை மதிப்பெண் போட்டு 10க்குக் கணக்கிடுகிறோம்.

மறுமொழி 5: ஏழுவயதின் தாய்

அனைவருக்கும் நன்றி. எலும்பு மருத்துவர் ஐயா சொன்னதைப் படித்த பிறகு அச்சம் கூடித்தான் போயிற்று. வலி தெரியாத கையில் அழுத்தம் ஏறினால் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? மயக்கவியலர் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மறுமொழி 6: மயக்கவியலர்

> அந்த எச்சரிக்கை மணியின் நாக்கையே கட்டிப்போடுகிறோமோ என்பதுதான் எங்கள் தயக்கம்.

இந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதன் ஒரு பாதியோடு எனக்கு உடன்பாடில்லை. உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யும் மயக்கவியலுக்கான ஐரோப்பிய, அமெரிக்கச் சங்கங்களின் கூட்டுக்குழு 2015இல் இதை ஆராய்ந்தது. குழந்தைகளுக்கு மரப்பு ஊசி போடுவதால் இந்த அழுத்த நோய் கூடுகிறது என்பதற்கோ, கண்டுபிடிப்பது தாமதமாகிறது என்பதற்கோ சான்று இல்லை என்று சொல்லிவிட்டு, அதோடு நில்லாமல் நிபந்தனைகளையும் விதித்தது. ஒரு முறை போடும் ஊசியில் மருந்தின் செறிவு 0.1 முதல் 0.25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அபாயம் கூடிய அறுவைகளில் அளவையும் செறிவையும் குறைக்க வேண்டும். மரப்பை நீட்டிக்கும் துணை மருந்துகளைச் சேர்ப்பதில் எச்சரிக்கை வேண்டும். வலிக் கவனிப்புக் குழு தொடர்ந்து பார்க்க வேண்டும். ஐயம் வந்தால் உறைக்குள் அழுத்தத்தை அளக்க வேண்டும். செறிவு குறைந்த மருந்து அறுவை வலியைத் தணிக்கும்; தசை மூச்சுத் திணறும்போது வரும் வலியை முழுமையாக அமுக்குவது அரிது. மரப்பு நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கையில் திடீரென்று வலி கிளம்பினால் ஊசி தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அடுத்த மருந்தை நீட்டக் கூடாது. மாவுக்கட்டைப் பிளந்து விரித்து, விரல்களை நீட்டிப் பார்த்து, எலும்பு மருத்துவரைப் படுக்கையருகே வரவழைக்க வேண்டும்.

இன்னொன்று: ஊசியே போடாவிட்டாலும் குழந்தை வலியை நம் பாடப்புத்தகம் சொல்வதுபோல் சொல்லாது. பதற்றம், அடங்காத அமைதியின்மை, வலிமருந்தின் தேவை ஏறிக்கொண்டே போவது ஆகிய மூன்றும்தான் குழந்தைகளிடம் முதலில் தெரிகின்றன. மார்ஃபின் நிறையக் கொடுத்துத் தூங்க வைத்த குழந்தையிடமும் அதே மணி ஒலிக்காது. ஆகவே ஊசியா இல்லையா என்பதைவிட, முதல் நாள் இரவு மணிக்கொரு முறை அந்தக் கையைப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்பதே என் கேள்வி. அப்படி ஆள் இல்லாத இடத்தில் எலும்பொட்டுபவர் ஐயா வேண்டாம் என்று சொன்னால் நானும் அவர் பக்கமே நிற்பேன்.

மருந்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 22 கிலோவுக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு 330 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. இபுபுரூஃபன் 220 மில்லிகிராம், ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, இரத்தக் கசிவுத் தொல்லை ஏதேனும் இருந்தால் இரண்டாவது மருந்தை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். இரண்டையும் வலி வந்த பின் என்றில்லாமல், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் கோடீன், டிரமடால் வலிமருந்துகள் வேண்டாம். சில குழந்தைகளின் உடல் இவற்றை மிக வேகமாக வீரியமான பொருளாக மாற்றி மூச்சையே அடக்கிவிடும். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு வலிக்காக இவற்றைத் தரக்கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் அறிவித்தது.

மறுமொழி 7: எலும்பொட்டுபவர்

அரைப் பங்கு உடன்பாடு வந்துவிட்டது. மீதி அரைப் பங்குக்கு என் வழி இது. அறுவைக்கு முன்பே, குழந்தை விழித்திருக்கும்போது நரம்புகளைச் சோதித்து எழுதி வைத்துவிட வேண்டும். கல், காகிதம், கத்தரி விளையாட்டே போதும். விரல்களை மடக்கிக் கல்போல் முட்டி பிடித்தால் நடு நரம்பு, உள்ளங்கையை விரித்து விரல்களை நிமிர்த்தினால் ஆர நரம்பு, இரு விரல்களைக் கத்தரிபோல் அகற்றினால் சுண்டுவிரல் பக்கத்து நரம்பு வேலை செய்கிறது என்று பொருள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் நுனி சேர்ந்து வட்டம் போட்டால் நடு நரம்பின் முன்கைக் கிளையும் நலம். முன்பே பழகிய விளையாட்டு என்பதால் மரப்பு தேயும்போது குழந்தையே ஆர்வத்தோடு செய்து காட்டும்.

ஆர நரம்போடு நெருங்கி வேலை செய்ய வேண்டிய அறுவை என்றால், கண் விழித்ததும் விரல் நிமிர்வதைப் பார்த்த பிறகே ஊசி போடுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். மயக்கவியலர்களுக்கு அது பிடிக்காது என்பது தெரியும்.

மறுமொழி 8: மயக்கவியலர்

பிடிக்காதுதான். விழித்து அழும் குழந்தைக்கு மீண்டும் மயக்கமா?

மறுமொழி 9: புதியவர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எட்டு மாதக் குழந்தைக்கு ஒட்டிய விரல்களைப் பிரிக்கும் அறுவை இருக்கிறது. இதே ஊசியைப் போடலாமா? நாள் கணக்கில் மருந்து சொட்டும் மெல்லிய குழாயையும் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மறுமொழி 10: மயக்கவியலர்

போடலாம், அக்குளில் போடுவது பெரும்பாலும் போதும். முதல் சில மாதங்களில் மருந்தைப் பிடித்து வைக்கும் இரத்தப் புரதம் குறைவாகவும், அதைச் சிதைக்கும் கல்லீரல் முதிராமலும் இருப்பதால் அளவைக் குறைக்கிறோம். மேலே நான் சொன்ன நச்சு விளைவுகளில் பெரும்பான்மை கைக்குழந்தைகளிடமே நேர்ந்தது. குழாய் வைப்பது பல நாள் வலி நீடிக்கும் பெரிய அறுவைகளுக்கு உரியது. நழுவும், கசியும், மருத்துவமனையில் ஒவ்வொரு நாளும் கவனிக்கப்பட வேண்டும். விரல் பிரிக்கும் அறுவைக்குப் பொதுவாக அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை.

மறுமொழி 11: ஏழுவயதின் தாய்

அறுவை முடிந்து மூன்று நாள்கள் ஆகின்றன. முந்தைய நாள் இரு மருத்துவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கேட்டேன். அதற்குத் துணிவு இந்த இழையிலிருந்து வந்தது. 0.2 சதவீத மருந்து மட்டும், துணை மருந்து எதுவும் இல்லை, மாவுக்கட்டுக்குப் பதிலாகப் பாதியளவு கட்டு, மணிக்கொரு முறை விரல் சோதனை என்று அவர்களே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

காலை பத்தே கால் மணிக்கு ஊசி. கண் விழித்தபோது இடது கண்ணிமை சற்றுத் தாழ்ந்து, கருமணி சிறுத்திருந்தது, நான் பதறிப்போனேன். மருந்து கழுத்து வழியாக மேலே பரவினால் அப்படி நேரும், மரப்போடு சேர்ந்து தானே போய்விடும் என்றார்கள், மாலைக்குள் போய்விட்டது. பிற்பகல் மூன்றரைக்கே முதல் மருந்தைக் கொடுத்தோம். இரவு ஏழு மணிக்குச் சுண்டுவிரலில் எறும்பு ஊர்கிறது என்றாள். எட்டரைக்குக் கத்தரி வந்தது. பத்து மணிக்கு வட்டம் வந்தது. வலி இருந்தது, அழவும் செய்தாள். நடுவிலுள்ள முகத்தைக் காட்டினாள். ஒரு முறை வாய்வழி மார்ஃபின் கொடுத்தார்கள். அதிகாலை இரண்டு மணிக்கு அவளை எழுப்பி மருந்து கொடுத்தேன். என் மீது கோபித்துக்கொண்டு திரும்பத் தூங்கிவிட்டாள்.

ஒரே ஒரு ஐயம். கட்டைவிரலின் பின்புறத்தில் ஒரு சிறிய இடம் இன்னும் மதமதவென்று இருக்கிறதாம். விரலை நன்றாக நிமிர்த்துகிறாள்.

மறுமொழி 12: எலும்பொட்டுபவர்

விரல் நிமிர்வது நல்ல செய்தி. அசைவுக்கான நரம்பு வேலை செய்கிறது. ஆயினும் ஒரு நாளைக் கடந்தும் மதமதப்பு இருந்தால் அதை ஊசியின் கணக்கில் எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. கட்டின் ஓரம் அழுத்துகிறதா, கம்பியருகே தோல் நரம்பு இழுபட்டதா, ஊசியின் விளைவா என்பதைக் கையைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இன்றே உங்கள் மருத்துவரிடம் தெரிவித்து, மதமதப்பான இடத்தின் எல்லையைத் தோலில் பேனாவால் வரைந்து தேதியிடச் சொல்லுங்கள்.

மறுமொழி 13: ஏழுவயதின் தாய்

மாலை போய் வந்தோம். கட்டின் ஓரத்தை வெட்டித் தளர்த்தினார்கள், கோடு வரைந்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்குள் இரண்டு கண்களும் ஒரு வாயும் வரைந்து முகமாக்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பார்கள்.